மயிலாக வேண்டியவன்

எத்தனையோ மழைக்காலத்துக்கு முந்தி, கடம்பவேலி என்று ஒரு சீமை இருந்தது. அதை ஆண்டவர் மழவராயன் என்கிற ராஜா. சொந்தத் தம்பியையே பகைவனாகப் பெற்றவர் அவர்.

தம்பி பெயர் சேந்தன். சீமையில் தனக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டான். அண்ணன் தரவில்லை. மலைக்கோட்டையைப் பிடித்துக்கொண்டு மூன்று வருசம் சண்டை போட்டான். இரு பக்கமும் ஆட்கள் செத்தார்கள், வயல்கள் எரிந்தன. கடைசியில் ஒரு ஐப்பசி மாதம், தீபாவளி கழிந்த அமாவாசையன்று சேந்தன் பிடிபட்டான்.

மறுநாள் கந்த சஷ்டி விரதம் தொடங்கியது. ராஜா கையில் காப்புக் கட்டிக்கொண்டு முருகன் முன்னால் நின்றார்.

"சாமி, ஆறு நாளும் மிளகும் தண்ணியுந்தான் எனக்கு. ஆறாம் நாள் சூரசம்காரத்தில் இந்த வருசம் சூரனுக்கு மரத்தலை வேண்டாம். என் தம்பி தலையைத் தருகிறேன்."

பூசாரி நம்பி மணியைக் கீழே வைத்தார். "ராஜா, சாமி அதைக் கேட்கலையே" என்றார்.

"நீ மணியை ஆட்டு" என்றார் ராஜா.

சொன்னபடியே விரதம் இருந்தார். கண் குழிந்தது, உதடு வெடித்தது. ஊரும் ராஜாவோடு சேர்ந்து பட்டினி கிடந்தது. இப்படி ஒரு பக்தியை யார் பார்த்திருக்கிறார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

ஆறாம் நாள் மாலை. ஆற்று மணலில் கூட்டம். ஒரு பக்கம் முருகன் சிலை, அதன் அருகே வேலோடு ராஜா. எதிர்ப்பக்கம் சேந்தன். வருசா வருசம் சூரன் வேசம் கட்டுகிற கொண்டல், தன் வேசத்தைச் சேந்தனுக்குக் கட்டிவிட்டான். சூரன் மூன்று தலையோடு வருவான். முதலில் யானைத் தலை.

"கழுத்தில் கயிறு இறுக்குதா இளவரசே?"

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கப்போற கழுத்துதானே கொண்டல், இறுக்கிக் கட்டு."

யானைத் தலையோடு சேந்தன் வந்தான். "ஏ யானை, கரும்பு வேணுமா?" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

"பணிகிறாயா?" என்று கேட்டார் ராஜா.

"யாரை? சாமியையா, உன்னையா?" என்றான் தம்பி. கூட்டம் சிரித்தது.

அடுத்தது சிங்கத் தலை. "ஏ சிங்கம், பிடரியைக் காணோமே! பேன் தின்னுட்டுதா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பணிகிறாயா?"

"பங்கைக் கொடு, பணிகிறேன்." கூட்டம் இன்னும் பெரிதாகச் சிரித்தது.

மூன்றாவது, சூரனின் சொந்தத் தலை. "அதற்கு அவன் மூஞ்சியே போதும்" என்று ராஜா முன்பே சொல்லியிருந்தார். கொண்டல் சிங்கத் தலையை அவிழ்த்தான். வேர்வையில் நனைந்த, ஒட்டிப்போன ஒரு முகம் வெளியே வந்தது. ஊருக்குப் பழகிய முகம். யாரும் கேலி பேசவில்லை.

"பணிகிறாயா?"

சேந்தன் மணலில் மண்டியிட்டான்.

"போதும் அண்ணா. நான் தோத்துட்டேன். எனக்கு ஒண்ணும் வேண்டாம். உன் வாசலில் காவல் நிற்கச் சொல்லு, நிற்கிறேன். என்னை வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போ."

வேல் பிடித்த கை தாழ்ந்தது. உண்மையாகவே தாழ்ந்தது, கேளுங்கள். அந்த ஒரு நொடியில் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கலாம். ஆனால் ராஜா கூட்டத்தைப் பார்த்தார். கையிலிருந்த காப்பைப் பார்த்தார். இத்தனை நாள் கிடந்த பசி வீணாகிவிடுமே என்று நினைத்தார்.

"சாமிகிட்டச் சொல்லிட்டேனே, சேந்தா" என்றார். குத்தினார்.

அரோகரா என்று ராஜா கத்தினார். ஒரு குரல்தான் கேட்டது.

பூசாரி மயில்தோகைக் கட்டோடு வந்து பிணத்தின் பக்கத்தில் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

முருகன் சூரனைக் கொன்று போட்டுவிட்டுப் போகவில்லை அல்லவா? மயிலாக்கி மேலே ஏறிக்கொண்டார், சேவலாக்கிக் கொடியில் வைத்துக்கொண்டார். அதனால் கடம்பவேலியில் ஒரு வழக்கம். சூரனாக வந்து விழுந்தவன் எழுந்து தோகை கட்டிக்கொள்வான். அவன் தோளில் ஏறித்தான் சாமி கோவிலுக்குத் திரும்பும். சாமி திரும்பிய பிறகுதான் ஊர் சோறு தின்னும். ராஜாவும் சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். மூன்று வருசக் கோபத்தில் அது நினைவிலேயே இல்லை.

"மயில் எங்கே ராஜா?" என்று கேட்டார் பூசாரி.

"கொண்டல் தூக்கட்டும்."

கொண்டல் அசையவில்லை. "நான் இன்னிக்கு விழவே இல்லையே மகாராஜா. விழுந்தவன் எந்திரிச்சாத்தானே மயிலு?"

இருட்டிக்கொண்டு வந்தது. பசியில் பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. ராஜா தம்பியின் முகத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு வேலைக் கீழே வைத்தார், கிரீடத்தைக் கழற்றினார், பூசாரி முன்னால் குனிந்தார்.

"எனக்குக் கட்டுங்க. தோத்தது நான்தான்."

தோளில் சாமியைச் சுமந்துகொண்டு ராஜா நடந்தார். பின்னால் கொண்டலும் இன்னும் மூன்று பேரும் சேந்தனைச் சுமந்து வந்தார்கள். மேளம் இல்லை.

கோவிலில் தீபம் காட்டினார்கள். விரதம் முடிந்தது. ஊர் சாப்பிட்டது. எல்லோரும் கையலம்பிய பிறகும் ராஜாவின் இலையில் சோறு அப்படியே இருந்தது. அதை எடுக்கவும் யாருக்கும் மனம் வரவில்லை.

கேட்டவர்களே, கதை சொல்வது இதுதான்: பணிந்துவிட்ட பகைவனைக் கொல்கிறவன் எத்தனை விரதம் இருந்தாலும், தோற்றவன் அவனே.