அவரை இலைக்குள்ள போன பொட்டு

ஒரு ஊர்ல ஒரு அவரைச் செடி. முளைச்சு எட்டு நாள்தான் ஆச்சு, ரெண்டே ரெண்டு இலை. இப்ப அந்த இலைக்குள்ள ஒரு ஊர். கேக்குதா? ம் சொல்லு.

ம்.

அந்த ஊர்ல ஒரு தண்ணி வீடு. அதுல பொட்டுன்னு ஒருத்தி இருந்தா. ஊசி முனையில ஒரு கோடி பேர் உக்காரலாம், அவ்வளவு சின்னவ. அவளுக்கு ஒரு அண்ணன், காத்தான். தண்ணி வீட்டுல எப்பவும் குளுகுளுன்னு இருக்கும். அண்ணன் கையப் புடிச்சுக்கிட்டே கிடப்பா.

அப்போ செடிக்கு ஒரு கஷ்டம் வந்துச்சு. விதை கட்டிக் குடுத்த கட்டுச்சோறு தீந்துபோச்சு. அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள இலைக்குள்ள சர்க்கரை ஆலை ஓடணும். இல்லேன்னா செடி தலை சாஞ்சுரும். ஆலை ஓட பொட்டு மாதிரி ஆளுங்க வரணும்.

அப்புறம் வெயில் வந்துச்சு. பச்சைச் சட்டைக்காரங்க முன்னூறு பேர் நெருக்கி நிக்கிறாங்க. ஒருத்தன் கையில வெயில் விழுந்துச்சு, டப்! பக்கத்துல இருக்கவன்கிட்ட குடுத்தான், டப்! கட்டட வேலையில செங்கல் கை மாறுதே, அது மாதிரி. கடைசியா நடுவுல நிக்கிற பச்சைப் பெரியவர் கைக்கு வந்துச்சு. வந்த வேகத்துல அவர் மடியில இருந்த, பொட்டு மாதிரி ஒருத்தி விசுக்குன்னு பறந்துட்டா.

"ஐயோ, மடி காலியாச்சே! தண்ணி வீட்டுலேர்ந்து ஒருத்திய அனுப்புங்கப்பா!"

தண்ணி வீடு விரிஞ்சுபோச்சு. கை நழுவிடுச்சு.

"அண்ணே!"

"அழாதடி பொட்டு! நான் காத்தோட இருப்பேன். எங்கயாச்சும் பாப்போம்!"

பொட்டு பெரியவர் மடியில உக்காந்து மூக்க உறிஞ்சினா. அதுக்குள்ள மறுபடி டப் டப் டப்... விசுக்! பறந்து போயி ஒரு படியில விழுந்தா.

"நிக்காத! திரும்பிப் பாக்காத!"ன்னு கத்துனாரு பெரியவர். "நின்னா என் மடிக்கே தொப்புன்னு வந்துருவ. வெயில் பூரா வீண்!"

வீடு இருந்த பக்கம் ஒரே ஒரு தடவை பாக்கணும்னு இருந்துச்சு. பாக்கல. திடுதிடுன்னு அடுத்த படிக்கு ஓடுனா.

ம்.

அப்புறம் ஒரு எண்ணெய்க் குளம். கரையில பரிசல்காரர் குந்தியிருந்தாரு. "ஏறு தாயி. ஆனா ரெண்டு பேர் சேராம எடுக்க மாட்டேன்."

"செடி வாடுதுண்ணே!"

"வாடட்டும், காயட்டும். எங்க பூட்டன் காலத்துலேர்ந்து ரெண்டு ஆளு, ரெண்டு மூட்டை. ஒத்த ஆளுக்குப் பரிசல் நகராது."

நேரம் பாத்து மேகம் வேற மூடிக்கிச்சு. பொட்டு தனியா உக்காந்திருந்தா. மேகம் விலகி வெயில் அடிச்சதும், தொபுக்! இன்னொருத்தி வந்து விழுந்தா. பேரு குன்னிமுத்து.

"தள்ளி உக்காருடி, இடத்தையெல்லாம் நீயே அடைச்சுக்கிட்ட!"

"நானா? என்னைப் பாத்தா?"

ரெண்டு பேரும் சிரிச்சுட்டாங்க. கரையில கிடந்த மூட்டையில ஆளுக்கொண்ணைத் தூக்கிப் போட்டதும் பரிசல் கிளம்புச்சு, சளக் சளக். அக்கரையில மூட்டைய இறக்குனாங்க. குவிஞ்ச மூட்டையெல்லாம் ஒரு சக்கரத்து வழியா உருண்டுச்சு, கிர்ர்ர்ர். ஆலைக்கு அந்தச் சுழற்சியும் வேணும்.

அக்கரைக் காவக்காரன் வழி மறிச்சான். "ஒருத்தி மேல போ. இன்னொருத்தி திரும்பிப் போயி வேற பரிசல்ல ஏறி வா. இங்க அதுதான் முறை."

"நீ போடி," குன்னிமுத்து சொன்னா. "நான் ஒரு சுத்து சுத்திட்டு வரேன். ஆலை வாசல்ல நில்லு."

"நிப்பேன்."

அப்போ செம்புக் காப்பு போட்ட ஒருத்தர் பொட்டைத் தோள்ல தூக்கிக்கிட்டுப் போனாரு. அங்க இன்னொரு பச்சை வீடு. மறுபடி வெயில், டப் டப், விசுக்! முன்னைவிட உசரத்துல ஏறி, ஆலை வாசல்ல வந்து நின்னா.

கதவு மூடிக் கிடந்துச்சு. ஆலைக்காரம்மா உள்ளேருந்து சொன்னாங்க: "ரெண்டு பேரா வந்தாத்தான் திறப்பேன்."

நின்னா. வெயில் மேக்க சரிஞ்சுச்சு. குன்னியைக் காணோம். அப்போ ஒரு சத்தம்.

"பொட்டு! அடியே பொட்டு!"

யாரு?

அண்ணன்!

ஆமா, காத்தான்தான். "வாடி, கையப் புடி. வீட்டுக்குப் போவோம்."

பொட்டுக்கு உசுரே குளுந்துபோச்சு. கைய நீட்டிட்டா.

"தொடாத தாயி!" ஆலைக்காரம்மா கத்துனாங்க. "நீ ஒருத்தி மட்டும் குதிச்சா அவனுக்கு வெறி ஏறிடும். தண்ணி வீடு கட்ட நாலு பேர் வேணும், படிப்படியா இறங்கி வரணும். இப்ப தொட்டா வீடு கிடையாது, தீதான். இலையே பொசுங்கிரும்."

காத்தான் மிரண்டுட்டான். "எனக்குத் தெரியாதே, பொட்டு. உன்னைப் பாத்ததும் ஓடி வந்துட்டேன்."

பொட்டு ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டா. "நீ போண்ணே."

"கோவமாடி?"

"கோவமில்ல. நீ இங்கயே நின்னா நான் தொட்டுருவேன். போ."

அவன் இலையோட ஜன்னல் வழியா புஸ்ஸுன்னு வெளிய போயிட்டான். பொட்டு அழுதா. ஆனா நின்னா.

ம்.

அப்புறம் பொழுது விழப்போற நேரத்துல, தொபுக்! "வந்துட்டேன்! ரெண்டு சுத்து சுத்த விட்டுட்டான் பாவி!" குன்னிமுத்து! கதவு கிறீச்சுன்னு திறந்துச்சு. ரெண்டு பேரும் உள்ள போனாங்க. ஆலை ஓடுச்சு. ஒரே ஒரு வாய் சர்க்கரை வந்துச்சு. செடி மெல்லத் தலையத் தூக்குச்சு. அப்புறம் கொடி ஓடுச்சு, பூ பூத்துச்சு, கொத்துக் கொத்தா காய்ச்சுது.

அண்ணன்?

அதைத்தான் சொல்ல வரேன். மத்தியானம் அவரைக்காப் பொரியலைத் தட்டு ஓரத்துல ஒதுக்கி, திட்டு வாங்கித் தின்னியே, அதுக்குள்ள சர்க்கரையோட சர்க்கரையாத்தான் பொட்டு வந்தா. இப்ப மூச்சை இழு. நல்லா. உள்ள போனது யாரு? காத்தான். பொட்டு குதிக்கல. ஒவ்வொரு படியா இறங்குறா. கூட குன்னிமுத்து, இன்னும் ரெண்டு பேரு. கடைசிப் படியில அவன் நிக்கிறான். இப்ப தொடலாம். தொட்டாச்சு. மறுபடி தண்ணி வீடு.

அவங்க படி இறங்குற சூடுதான் உன் உள்ளங்கை கதகதப்பு. தொட்டுப் பாரு.

இருக்கா?

சரி சரி. கதை படி இறங்கிருச்சு, கண்ணும் இறங்கட்டும். தூங்கு.