மேடைக்கு அடியில் எவ்வளவு தண்ணீர்?

தண்ணீருக்குக் கணக்குப் போட்டவர்கள் மூன்று பேர், கண்ணால் பார்த்தவர் ஒருவருமில்லை. அப்படி ஒரு கல்யாண வீட்டுக்குள் கூட்டிப்போகிறேன், வாருங்கள்.

சங்கரபாண்டியனின் மகள் மங்கைக்கு அன்று மாலை வரவேற்பு. சமையலுக்கும் பந்திக்கும் 3,800 லிட்டர் வேண்டும் என்று சமையல்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். காலியாகக் கிடந்த நிலத்தடித் தொட்டியில் காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் விழுந்தது. மோட்டாருக்கு அன்றைக்கு மின்சாரம் அவ்வளவு நேரம்தான். எட்டிப் பார்க்கலாமென்றால், பந்தல்காரப் புண்ணியவான்கள் தொட்டி மூடியின் மேலேயே நாதஸ்வர மேடையைக் கட்டியிருந்தார்கள்! வித்வான்கள் ஏறி உட்கார்ந்தும் ஆயிற்று.

வாசலில் தண்ணீர் லாரி. ஊருக்கே அது ஒன்றுதான். நான்கு நாளாகக் குழாய் வறண்ட பக்கத்துத் தெருவும் அதற்காகத் தவம் கிடந்தது. லாரியை அனுப்பிவிட்டுப் பந்தியில் தண்ணீர் தீர்ந்தால் மானம் போகும். நிறுத்திக்கொண்டால் அந்தத் தெருவின் வயிற்றெரிச்சல். சங்கரபாண்டியனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மணிக்கொரு தடவை குழாயைக் குடத்தில் பிடித்து அளந்திருந்தார்கள். ஒன்பதுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர், பத்துக்கு 25, பதினொன்றுக்கு 20, பன்னிரண்டுக்கு 15. வரத்து குறைந்துகொண்டே போனதே தவிர, ஒரு கணமும் கூடவில்லை.

தாய்மாமன் குமரவேல் முந்திக்கொண்டார். "ஒவ்வொரு மணியும் தொடங்கும்போது வந்த வேகத்தை அந்த மணி முழுக்கப் போட்டேன். 4,500! லாரியை அனுப்புங்க மச்சான்."

சித்தி கோமதி விடவில்லை. "மணி முடியும்போது வந்ததைத்தான் போடணும் அத்தான். 3,600 தான் தேறும். லாரியை விட்டுடாதீங்க!"

மங்கை மருதாணிக் கையை விரித்தபடி வந்தாள். "அப்பா, அரைமணிக்கும் நான் அளக்கச் சொன்னேன். ஒன்பதரைக்கு 29, பத்தரைக்கு 24, பதினொன்றரைக்கு 19. சித்தி மாதிரியேதான், ஒவ்வொரு அரைமணியும் முடியும்போது வந்ததைப் போட்டேன். 3,960 வருது. லாரி போகட்டும்."

"பார்த்தீங்களா, மருமக என் கட்சி!" என்று மாமன் மீசையைத் தடவினார்.

சரி, நீங்கள் சொல்லுங்கள். இந்த மூவரில் யார் கணக்கை நம்பி அப்பா லாரியை அனுப்பலாம்?

மங்கையின் கணக்கைத்தான். குறைந்துகொண்டே போகும் வரத்துக்குத் தொடக்க வேகத்தைப் போட்டால் உள்ளதைவிடக் கூடத்தான் வரும். மாமன் சொன்ன முடிவு சரி, காரணம் ஓட்டை. கடைசி வேகத்தைப் போட்டால் உள்ளதைவிடக் குறையும். ஆக 3,600 நிச்சயம் உண்டு, ஆனால் 3,800 உண்டா என்று சித்தியால் சொல்ல முடியாது. மங்கையும் குறைத்துத்தான் போட்டாள். நேரத்தைச் சின்னதாக நறுக்கியதால் விட்டுப்போனது கொஞ்சம்தான். குறைத்துப் போட்டே 3,960 என்றால் அப்புறம் என்ன பயம்? லாரி போனது. அன்று மாலை பக்கத்துத் தெருவே குளித்து முழுகி முதல் பந்தியில் வந்து உட்கார்ந்தது. "வாங்க, வாங்க" என்று சங்கரபாண்டியனே முன்னால் நின்று இலை போட்டார்.