கஜானாவின் ஓடிபி

எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். சிம்மாசனமும் இருந்தது, செல்போனும் இருந்தது. அப்படியொரு பொற்காலம்.

மணிமுடிபுரத்து மன்னர் அதிரூபசிங்கர் தம் கஜானாவைச் செல்போனுக்குள் வைத்திருந்தார். யாரோ அதிலிருந்து பணத்தை உருவிக்கொண்டே இருந்தார்கள். மன்னர் கொதித்தார். இணையக் காவல் அமைச்சர் மதிவதனராயர் துப்புத் துலக்கப் புறப்பட்டார். வெற்றிலையை மென்று துப்புவதற்குள் துலக்கியும் விட்டார். அவ்வளவு திறமைசாலி!

"மன்னா, இது ஏழு கடல் தாண்டிய ஹேக்கர்களின் சதி. அவர்களுக்கு உள்ளூர்க் கையாள், அஞ்சுகம்!"

அஞ்சுகம் கடைத்தெருவில் செல்போன் பழுது பார்ப்பவள். மன்னரின் போனுக்குப் புதுக் கண்ணாடி ஒட்டிக் கொடுத்திருந்தாள். போனைத் தொட்டாள் அல்லவா? வேறென்ன ஆதாரம் வேண்டும்?

"ராஜா, நான் ஒண்ணும் பண்ணலீங்க. எம் புள்ளய யாரு பாத்துப்பாங்க?" என்று அவள் கதறினாள்.

"நாளை சபை கலைவதற்குள் உண்மையைச் சொல். இல்லாவிட்டால் ஆயுள் முழுக்கப் பாதாளச் சிறைதான்" என்று சொல்லி, அதுவரைக்கும் அவளை அங்கேயே அடைத்துவைத்தார் மன்னர்.

அரசவை விதூஷகன் விடங்கனுக்கு இது பொறுக்கவில்லை. மெல்ல மன்னரிடம் போனான்.

"மன்னா, ஓடிபி இல்லாமல் பணம் போகாதே. அது தங்கள் போனுக்குத்தானே வருகிறது? வந்ததும் என்ன செய்வீர்கள்?"

"நானா? நான் எதையும் தொடுவதே இல்லை. எல்லாம் மரபுப்படி நடக்கும்" என்றார் மன்னர் பெருமையாக.

விடங்கனுக்குப் பாதி விளங்கிவிட்டது. மீதியை மறுநாள் சபையில் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பினான்.

மறுநாள் சபை கூடியதும் அவனே ஆரம்பித்தான். "மன்னா, வாழ்த்துகள்! இந்த ஆண்டு வரிப்பணம் மொத்தமும் காலையிலேயே கஜானாவில் ஏறிவிட்டதாமே!" சொல்லிவிட்டு ஒரு தூணோரமாகப் போய் நின்றான். தூணுக்குப் பின்னால் வைஃபை பெட்டி. அந்தக் கருங்கல் மண்டபத்தில் மெசேஜ் எப்படியாவது வந்துவிடும். நெட் மட்டும் அந்தப் பெட்டியை விட்டால் கிடையாது.

சற்று நேரத்தில் மன்னரின் போன் 'டிங்' என்றது.

மன்னருக்கு வரும் ஓலையை மன்னரே படிப்பது அந்த நாட்டில் மரியாதைக் குறைவு. கட்டியக்காரர்தான் சபையறிய வாசிக்க வேண்டும். ஓலை போய் செல்போன் வந்தது. மரபு போகுமா? கட்டியக்காரர் சங்கை ஊதினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ராஜாதி ராஜ அதிரூபசிங்க மகாராஜாவின் ஓடிபி! நான்கு! ஒன்று! ஒன்பது! ஒன்பது! இந்த எண்ணை யாரிடமும் சொல்ல வேண்டாம்!"

சபை கைதட்டியது. கடைசி வரிசையில் காது மந்தமான புலவர் ஒருவர் இருந்தார். அவருக்காக இன்னொரு முறையும் வாசித்தார்.

விடங்கன் வைஃபை பெட்டியின் வயரைப் பிடுங்கினான்.

"சே! இப்பப் பாத்தா நெட்டு போவணும்!" என்றது ஒரு குரல்.

அமைச்சர் மதிவதனராயரின் குரல்தான்.

விடங்கன் பாய்ந்துபோய் அவர் போனைப் பறித்தான். திரையில் மன்னரின் கணக்கு. கட்டத்தில் நான்கு, ஒன்று, ஒன்பது, ஒன்பது.

"மன்னா, ஏழு கடல் தாண்டிய ஹேக்கர் தங்களுக்கு நாலு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்."

அமைச்சருக்கு வேர்த்துக் கொட்டியது. மன்னர் துள்ளி எழுந்தார். "இவனுக்கு ஓடிபியைக் கொடுத்தது யார்? அவனையும் பாதாளச் சிறையில் தள்ளுங்கள்!"

சபை மொத்தமும் விதானத்துச் சித்திரங்களை ரசிக்க ஆரம்பித்தது. கட்டியக்காரர் சங்கை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். மன்னருக்கும் மெல்ல மெல்ல விஷயம் புரிந்தது. முகம் வெளுத்தது.

"தங்கள் போன்தான் மன்னா கொடுத்தது. வேறு யார்?" என்றான் விடங்கன்.

மன்னருக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. "ஆமாம், போன்தான்! போனேதான்!"

"அதையே சிறையில் அடைத்துவிடுங்கள். அங்கே சிக்னல் கிடையாது. ஓடிபியும் வராது, சங்கும் ஊத வேண்டாம்."

"அஞ்சுகம்?"

"அவள் காலி செய்தால்தானே போனுக்கு இடம்!"

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். அஞ்சுகத்தை அந்த நொடியே விடுவித்துப் பட்டும் பொன்னும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். பிறகு அவருக்கு ஒரு கவலை வந்தது.

"விடங்கா, அங்கே தனியாகக் கிடந்தால் போனில் சார்ஜ் இறங்கிவிடாதா?"

"அதற்குத்தான் அமைச்சரையும் கூடவே அனுப்பச் சொல்கிறேன் மன்னா. தங்கள் போனை இவ்வளவு அக்கறையாகக் கவனித்தவர் இந்த நாட்டிலேயே வேறு யார்?"