வரிசைக்கு எட்டுப் பேர்

மொட்டைப்பனையூர் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் இருபத்து மூன்று பேர், வாத்தியார்கள் இரண்டு பேர். மூளை எத்தனை என்று இதுவரை யாரும் கணக்கெடுத்ததில்லை. எடுத்தால் தன்னுடையதுதான் முதலில் வரும் என்பது தலைமையாசிரியர் ஆவுடைநாயகத்தின் எண்ணம். அது அவரவர் நம்பிக்கை, நாம் கெடுப்பானேன்.

ஒரு திங்கட்கிழமை மேலிடத்திலிருந்து அவருக்கு இரண்டு தாள் வந்தது. வெள்ளிக்கிழமை அதிகாரி வருவார், நாலாம் வகுப்புப் பிள்ளையிடம் ஏழெட்டு எவ்வளவு என்று கேட்பார், விடை தப்பினால் ஓடைக்கு அக்கரையில் உள்ள பள்ளியோடு இந்தப் பள்ளியை இணைத்துவிடுவார்கள் என்றது முதல் தாள். ஆவுடைநாயகம் அதை இரண்டு தடவை படித்தார். மழைக்காலத்தில் அந்த ஓடையில் மாடே இறங்காது, பிள்ளைகள் எப்படிப் போகும்? தவிர, பதினெட்டு வருஷமாக உட்கார்ந்து அவர் அளவுக்குப் பள்ளம் விழுந்த நாற்காலி இங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் தாள், பாடம் நடத்தும் முறை. "வாய்ப்பாட்டை ஒப்பிக்க வைக்காதீர்கள். விடையை ஆசிரியர் சொல்லக் கூடாது. பொருட்களை வரிசை வரிசையாக வைத்துக் காட்டுங்கள். குழந்தை கண்ணால் பார்த்து எண்ணட்டும். பொருட்கள் பெரியதாக இருக்கட்டும். ஆசிரியர்கள் அருகில் நின்று காட்ட வேண்டும்."

ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது ஆவுடைநாயகத்துக்குத் தூக்கத்திலும் தெரியும். சொல்லக் கூடாது என்றுதான் எழுதியிருக்கிறதே. உதட்டை இறுக மூடிக்கொண்டு வேலையில் இறங்கினார்.

செவ்வாய்க்கிழமை புளியங்கொட்டை அடுக்கினார்கள். அது பெரிய பொருள் அல்ல என்று உதவி ஆசிரியர் மரியசெல்வம் தாளைக் காட்டியதும் அள்ளிக் கொட்டிவிட்டார்கள். புதன்கிழமை பூசணிக்காய் வந்தது. சின்னக் கணக்காகத் தொடங்குவோம் என்று வரிசைக்கு நாலாக மூன்று வரிசை வைத்தார்கள். பிள்ளைகள் எண்ணிப் பன்னிரண்டு என்றன. ஆவுடைநாயகம் பூரித்துப் போனார். மதியச் சாம்பாருக்குச் சமையல்காரி சீனியம்மாள் மூன்று காயைத் தூக்கிக்கொண்டு போனதை அவர் பார்க்கவில்லை. சாப்பாடு முடிந்து வந்த பிள்ளைகள் மறுபடி எண்ணி ஒன்பது என்றன.

"காலையில மூணு நாலு பன்னெண்டு. மதியம் ஒம்பது. எது சார் சரி?" என்று கேட்டார் மரியசெல்வம்.

ஆவுடைநாயகம் நன்றாக யோசித்தார். "ரெண்டும் சரிதான். சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின்னுன்னு போர்டுல எழுதிப் போடுங்க."

பள்ளிக் குழுத் தலைவி பேச்சித்தாய்க்கு இது திருப்தியாக இல்லை. "அதிகாரி சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது கேட்டுட்டா என்ன செய்வீக? திங்க முடியாத பொருளா வைங்க சார்."

"திங்க முடியாததாவும் இருக்கணும், பெருசாவும் இருக்கணும். நம்ம ஊருல அப்படி என்ன இருக்கு?"

"மனுசன் இருக்கான்லா."

அந்த ஊரில் அப்படியொரு யோசனை பிறந்து பல வருஷம் ஆகிறது. பிள்ளைகளையே நிறுத்தலாம் என்றார் மரியசெல்வம். பிள்ளைகள் பொருளாக நின்றால் பார்ப்பது யார் என்று கேட்டு ஆவுடைநாயகம் அவரை மடக்கினார். எனவே பெரியவர்கள் பொருள், பிள்ளைகள் பார்வை என்று தீர்மானம் போட்டு, குழுவில் எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள்.

வியாழக்கிழமை ஒத்திகை. வேலை வெட்டியை விட்டுவிட்டு ஊரே மைதானத்தில் வரிசைக்கு எட்டாக நின்றது. நாலாம் வகுப்பு முகிலா ஜன்னல் வழியாக எண்ணினாள்.

"அம்பத்துநாலு சார்."

ஆவுடைநாயகம் ஓடிப்போய் வரிசைகளைப் பார்த்தார். ஏழாவது வரிசையில் இரண்டு இடம் காலி. பேச்சித்தாயின் தம்பியும் அவன் மனைவியும் சாத்தூரில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார்கள், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்கள்.

"அப்போ ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஏழெட்டு அம்பத்துநாலுதான்" என்றாள் பேச்சித்தாய். "வந்தப்புறம் கூட்டிக்கிடுங்க."

"நாம ரெண்டு பேரும் போய் நின்னுட்டா என்ன சார்?" என்றார் மரியசெல்வம்.

"ஆசிரியர்கள் அருகில் நின்று காட்டணும்னு போட்டிருக்கு. காட்டுறவனே பொருளாயிட்டா காட்டுறது யாரு?"

காலி இடத்தில் சுண்ணாம்பால் இரண்டு வட்டம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஆவுடைநாயகம் போகும்போது நாற்காலியை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அதிகாரி ஜீப்பில் வந்தார், கூட டிரைவரும் இருந்தார். மைதானத்தில் ஊரே வரிசையாக நிற்பதைப் பார்த்து, தன்னை வரவேற்க வந்த கூட்டம் என்று நினைத்து வணக்கம் வைத்தார். பொருட்கள் பதில் வணக்கம் வைக்கவில்லை. உள்ளே வந்து முகிலாவிடம், "ஏழெட்டு எவ்வளவும்மா?" என்றார்.

ஆவுடைநாயகம் அதிகாரியைப் பார்த்தார். பிறகு டிரைவரைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"சார், ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் வெளிய வரீங்களா?"

மாலை போடப் போகிறார்கள் என்ற நினைப்பில் அதிகாரி வட்டத்துக்குள் போய் நின்றார். டிரைவர் அடுத்த வட்டத்தில் நின்றார். முகிலா விரலை நீட்டி நீட்டி எண்ணினாள்.

"அம்பத்தாறு."

ஆவுடைநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பள்ளி பிழைத்தது. அதிகாரியும் சபாஷ் என்று சொல்லி வட்டத்தை விட்டுக் காலை எடுத்தார்.

"எடுக்காதீங்க சார்" என்று ஓடிவந்தார் ஆவுடைநாயகம். "நீங்க போனா அம்பத்தஞ்சு. புள்ள சொன்னது தப்பாயிடும்."

"சொல்லியாச்சே ஐயா. நான் போய் ரிப்போர்ட் எழுத வேண்டாமா?"

"தப்பான விடைக்கு எப்படி சார் ரிப்போர்ட் எழுதுவீங்க?"

அதிகாரி கெஞ்சினார், அதட்டினார். பேச்சித்தாய் தன் இடத்தை விட்டு நகராமல் அவருக்குக் குடை பிடித்தாள். சீனியம்மாள் வரிசையில் நின்றபடியே பிள்ளைகளிடம் மோர் கொண்டுவரச் சொன்னாள். ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற பிறகு அதிகாரிக்குப் படித்தது வேலை செய்தது.

"சரி, அடுத்த கணக்கு. ஏழு பெருக்கல் பூஜ்யம் எவ்வளவு? காட்டுங்க பார்க்கலாம்."

"வரிசைக்கு ஒருத்தருமில்லாம ஏழு வரிசை" என்று அறிவித்தார் ஆவுடைநாயகம். "எல்லாரும் வெளிய போங்க."

முதலில் ஓடியவர் அதிகாரி. ஊரும் கேட்டுக்கு வெளியே போனது. முகிலா எண்ணத் தொடங்கி, "நீங்க நிக்கிறீங்களே சார்" என்றாள். வாத்தியார்கள் போனார்கள். "நானும் இருக்கேனே" என்று மற்ற பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு அவளும் போனாள். கேட்டுக்கு வெளியிலிருந்து எட்டிப் பார்த்து, "பூஜ்யம் சார்" என்றாள். அதற்குள் அதிகாரி ஜீப் பானெட்டின் மேல் வைத்து, பள்ளி தொடரலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் பறந்திருந்தார்.

அடுத்த கணக்கு எதுவும் கொடுக்காமல் போய்விட்டார் என்பதுதான் சிக்கல். எனவே திங்கட்கிழமை முதல் பள்ளி நடுரோட்டில் நடந்தது. நாற்காலி உள்ளே இருந்தது. ஆவுடைநாயகம் கேட்டுக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அதை ஏக்கத்தோடு பார்ப்பார். உள்ளே யாரும் காலை வைக்கவில்லை. புதன்கிழமை காலை ஒரு ஆடு வைத்தது.

"ஆடு கணக்குல சேருமா சார்?" என்றார் மரியசெல்வம்.

"பெரிய பொருள்தானே. சேரும்."

"உள்ள போய் விரட்டிரட்டுமா?"

"நீங்க போனா ரெண்டாயிடும்."

ஆடு மெல்ல வகுப்புக்குள் நுழைந்து, நாற்காலியில் ஏறி, பள்ளத்தில் வசதியாகப் படுத்தது. ஆவுடைநாயகம் பெருமூச்சு விட்டு, ரோட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதிகாரிக்குக் கடிதம் எழுதினார்.

"ஐயா, தாங்கள் தந்த கணக்கு இன்று காலை பத்து மணியிலிருந்து தவறாகிவிட்டது. ஆடு இறங்குவதாக இல்லை. எனவே ஒன்று என்று விடை வரும்படியான கணக்கு ஒன்றை உடனே அனுப்பி வைக்கவும். குட்டி போடுவதற்குள் வந்தால் நல்லது."