ஐஸைக் காப்பாற்றிய மூவர்

ஆராய்ச்சிக்கூடத்தில் அறிவாளிகள் எல்லாம் மாடியில் இருந்தார்கள். கீழே மூன்று பேர் இருந்தார்கள்.

மூத்தவர் இருளாண்டி. பிரிட்ஜ் சாவியைத் தனக்குக் கொடுக்காமல் நேற்று வந்த தாவீதுக்குக் கொடுத்துவிட்டார்களே என்று அவருக்குத் தீராத வயிற்றெரிச்சல். மூன்றாமவன் சப்பாணி. யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவான்.

மாடியில் மங்கையர்க்கரசி அம்மா ஒரு புரதம் செய்தார். கீரை இலைக்குள் இருந்துகொண்டு, வெயில் நேரத்தில் காற்றைப் பிடித்துச் சர்க்கரையாக்க உதவுகிற நொதி அது. கீரையின் மரபணுவைக் கிருமிக்குள் வைத்து, அந்தக் கிருமியையே செய்ய வைத்தார். வருஷக்கணக்கில் பாடுபட்டும் கிடைத்தது சின்னக் குப்பியில் கால்வாசிதான்.

அதை ஐஸ் பெட்டியில் வைத்து இருளாண்டியிடம் கொடுத்தார்.

"பக்கத்துக் கட்டடத்துக்குக் கொண்டு போங்க. குலுங்கக் கூடாது. நான் வர்ற வரைக்கும் ஐஸ் உருகவே கூடாது. உருகிச்சோ, மூணு பேருக்கும் வேலை கிடையாது."

இருளாண்டி பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். இந்த வயசில் வேறு எவன் வேலை கொடுப்பான்?

"நடந்தா குலுங்குமே, அண்ணே" என்றான் தாவீது.

"நடக்கிறவனுக்குத்தானே குலுங்கும்? நான் நடக்கலைன்னா?"

அது நியாயமாகப் பட்டது. இருளாண்டி பெட்டியோடு உட்கார்ந்துகொண்டார். மற்ற இருவரும் அவரைத் தூக்கிப் போனார்கள். தாவீதின் தோளில் வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்துகொண்டார்.

போய்ச் சேர்ந்து மூடியைத் திறந்தால் ஐஸ் ஓரத்தில் தண்ணீர்!

"போச்சு! யார் உருக்கினது?" என்று சப்பாணி அலறினான்.

மூவரும் குனிந்து பார்த்தார்கள். பெட்டியில் ஐஸைத் தவிர இருந்தது குப்பி ஒன்றுதான்.

"வேற யாரு? இதுதான் கூடவே இருந்து உருக்குது" என்றார் இருளாண்டி. "டேய் சாவிக்காரா, பிரிட்ஜைத் திற."

ஐஸை மட்டும் பிரிட்ஜின் உறைபெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். குப்பியை வெளியே எடுத்தார்கள்.

"இதை என்ன பண்றது, அண்ணே?"

"வெயில்ல வேலை பார்க்கிற பண்டம்னுதானே அம்மா சொல்லுவாங்க? சும்மா ஏன் உட்கார வைக்கணும்? அவங்க வர்றதுக்குள்ள கொஞ்சம் சர்க்கரை பண்ணட்டும்."

குப்பியை வெயிலடிக்கும் ஜன்னலில் வைத்தார்கள். சப்பாணி ஓடிப்போய்ச் சர்க்கரை போடாத டீ மூன்று வாங்கி வந்தான். டீ ஆறியது. மூவரும் காத்திருந்தார்கள்.

அம்மா வந்தார். இருளாண்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பிரிட்ஜைத் திறக்கச் சொன்னார். "பாருங்கம்மா. ஒரு சொட்டு உருகலை."

"குப்பி எங்கே?"

மூவரும் ஜன்னலைக் காட்டினார்கள். உள்ளே இருந்தது திரிந்த பாலைப் போல வெள்ளை வெள்ளையாகக் கட்டி தட்டிப் போயிருந்தது.

"இன்னும் சர்க்கரை விழலைங்கம்மா. சோம்பேறிப் பண்டமா இருக்கு" என்றான் சப்பாணி.

அம்மா கத்தினார். "மூணு பேரும் என் கண் முன்னால நிக்காதீங்க!"

உடனே மூவரும் அவருக்குப் பின்னால் போய் நின்றார்கள். அவர் திரும்பினார், அவர்களும் சுற்றிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். படியேறினார், பின்னாலேயே ஏறினார்கள். வேலையை விட்டு நீக்குகிறேன் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லலாம் என்றால், முகம் அகப்பட்டால்தானே! இன்றுவரை அகப்படவில்லை. வேலையும் போகவில்லை.

பின்னாலிருந்து இருளாண்டியின் குரல் மட்டும் அவ்வப்போது கேட்கும்:

"அம்மா, தாவீதுக்கு மூக்கு நீளம். அது முன்னால வந்து கண்ணுல பட்டா என்னைக் குத்தம் சொல்லாதீங்க."