பாறைமேல் ஏற்றிய கடமான்

அந்தக் காட்டைவிட்டுப் புலி போய்ப் பல கோடைகள் ஆகிவிட்டன. அடித்துத் தின்ன ஆளில்லாததால் அங்கே எல்லோருக்கும் ஆயுசு நீண்டது. காட்டின் தலைவன் கொம்பையன் என்ற காட்டெருமை. அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை!

"பக்கத்து மலையில பாதிப் பேரு நரைக்கிறதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துடறாங்க. நம்ம காட்டுல அற்பாயுசுங்கற பேச்சே கிடையாது!" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தான்.

சொன்னால் மட்டும் போதுமா? காட்ட வேண்டாமா? கோடைதோறும் ஒரு திருவிழா வைத்தான். அன்று காட்டிலேயே வயதில் மூத்தவரை உச்சிப்பாறைமேல் நிறுத்துவார்கள். பக்கத்து மலைக்காரர்கள் வந்து பார்த்து வயிறெரிய வேண்டும். அதற்குத்தான் இத்தனை கூத்தும்.

அந்த வருஷம் மூத்தவள் செவந்தி என்ற பெண் கடமான். முழங்கால் இரண்டும் மடங்காது. ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. அதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். தண்ணீர்தான் பெரும்பாடு. காட்டுக்கெல்லாம் தண்ணீர் தரும் ஒரே மடுவின் கரை போன மழையில் இடிந்து செங்குத்தாகிவிட்டது. இளசுகள் ஒரே தாவில் இறங்கிக் குடித்துவிட்டு வந்தார்கள். செவந்தி விடியற்காலையில் புல்லில் பனியை நக்குவாள். பகலில் நெல்லிக்காயை மெல்லுவாள். வேறென்ன செய்வாள், பாவம்!

கடைசியில் தலைவனிடமே போனாள்.

"தலைவரே, எனக்கு வேற எதுவும் வேண்டாம். கரையைக் கொஞ்சம் சரிச்சு விடச் சொல்லுங்க. என் கால்லயே இறங்கி நானே குடிச்சுக்குவேன்."

"அட, என்னம்மா நீ! உன் வயசு வரைக்கும் வாழ யாருக்குக் கொடுத்து வச்சிருக்கு! இப்பப் போயி கரை, தண்ணினு புலம்புறியே!"

"வயசை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? நாக்கு வறளுதே!"

பக்கத்தில் கட்டையன் என்ற கிழட்டுக் காட்டுப்பன்றி நின்றிருந்தான். மண் தோண்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

"நான் தோண்டித் தரேன் தலைவரே! ஒரு காலைப்பொழுது வேலைதான்" என்றான்.

"முதல்ல இவ பாறைமேல ஏறணும். அதுக்குச் சரிவு போடு! திருவிழா முடியட்டும், அப்புறம் கரையைப் பார்க்கலாம்."

கட்டையனுக்கு மனசு கேட்கவில்லை. தலைவன் பேச்சைத் தட்டவும் தைரியமில்லை. தன் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாறைக்குச் சரிவு போட்டான். கல்லை உருட்டி, மண்ணைக் கொட்டி, மிதித்து, எவ்வளவு அழகான சரிவு தெரியுமா! அதே வேலையை மடுக்கரையில் செய்திருக்கலாம். படுபாவிகள், செய்யவில்லை.

திருவிழா வந்தது. செவந்தியைப் பின்னாலிருந்து முட்டி முட்டி மேலே ஏற்றினார்கள். கழுத்தில் காட்டுமல்லிக் கொடியைப் போட்டார்கள்.

"இன்னும் நூறு வருஷம் இருக்கணும் தாயே!" என்று மந்திகள் கூவின.

வெயில் ஏறியது. "போதும், இறக்கி விடுங்க" என்று செவந்தி முனகினாள். அந்தக் கூச்சலில் அது யார் காதில் விழும்?

பக்கத்து மலையிலிருந்து வந்த ஒரு புள்ளிமான் கேட்டது: "அந்தம்மாவுக்கு ஏன் நாக்கு வெளியே தொங்குது?"

"சந்தோஷத்துல!" என்றான் கொம்பையன்.

உச்சிப்பொழுதில் எல்லோரும் மடுவுக்கு ஓடினார்கள். செவந்தியை மறந்தே போனார்கள். ஏற்றிவிடத்தான் ஆள் இருந்தது, இறக்கிவிட இல்லை. அவள் தானாகவே தள்ளாடித் தள்ளாடி இறங்கினாள். எப்படியோ கரைவரை வந்துவிட்டாள்.

"யாராச்சும் ஒரு வாய் தண்ணி..."

கீழே எல்லோரும் துள்ளி விளையாடிக்கொண்டிருந்தார்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் கழுத்தை நீட்டிக் குனிந்தாள். முன்கால் சறுக்கியது. தலைகுப்புற விழுந்தாள். கரையடிச் சேற்றிலேயே உயிர் போய்விட்டது.

ஒரு நிமிஷம் எல்லோரும் குடிப்பதை நிறுத்தினார்கள். கொம்பையன் தொண்டையைச் செருமினான்.

"போனா போகட்டும். பக்கத்து மலையில இவ்வளவு வயசுல செத்தவங்க யாராச்சும் உண்டா?"

"நான் பாவி! நான் பாவி!" என்று கட்டையன் வாய்விட்டு அழுதான்.

கொம்பையன் அவன் பக்கம் திரும்பினான். "ஏய், அடுத்த மூப்பு நீதானே? வர்ற வருஷம் பாறை உனக்குத்தான்!"

கட்டையனுக்கு அழுகை சட்டென்று நின்றது.

"எனக்கா? எனக்கு என்ன வயசாச்சு!" என்று வலிக்கிற இடுப்பை நிமிர்த்திக்கொண்டு அங்கிருந்து நழுவினான்.

அன்றிலிருந்து அந்தக் காட்டில் நொண்டுகிறவர்கள் நொண்டலை மறைத்தார்கள். பார்வை போனவர்கள் பார்வை இருப்பதுபோல் நடந்து மரத்தில் முட்டிக்கொண்டார்கள். உதவி கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. மடுவின் கரை மட்டும் அப்படியே கிடந்தது.

ஆயுசு நீண்டதென்று பெருமை பேசுவதைவிட, தளர்ந்தவர்கள் தங்கள் காலால் நடந்துபோய்த் தண்ணீர் குடிக்க ஒரு வழி செய்து கொடுப்பதே மேல்.