நந்திக்குக் கயிறு போட்டவள்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் நெடுங்கரை நாட்டை வீரகண்டன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்பதைவிட, காலையில் தோன்றியதை மத்தியானத்துக்குள் கட்டளையாக்கிவிடுவான் என்றால் பொருத்தமாக இருக்கும். நாட்டின் வடகோடியில் வடமலையார் கோயில், தென்கோடியில் கடல்முகத்தார் கோயில். ஒருமுறை இரண்டையும் தரிசிக்கப் போய், பல்லக்கில் பதினோரு நாள் குலுங்கியதில் ராஜாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"நாலே நாளில் போகிற மாதிரி ஒரு பெருஞ்சாலை போடுங்கள்!" என்றான்.

அரசாங்க ஓலை எழுதும் சடகோபன் எழுத்தாணியோடு ஓடி வந்தான். ராஜா தும்மினால்கூட அதைப் புகழ்ந்து இரண்டு வரி எழுதுகிற ஆசாமி. வேறு யாராவது ராஜாவிடம் நல்ல பெயர் வாங்கிவிட்டால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. அவன் எழுதினான்: "வடமலையார் சன்னிதி முதல் கடல்முகத்தார் சன்னிதி வரை நூல் பிடித்தாற்போல் சாலை. குறுக்கே நிற்பது எதுவானாலும் அகற்றப்படும்."

நூல் பிடித்தார்கள். அது கறவையூர் ஏரியின் நட்டநடுவில் போய் விழுந்தது. உடனே சடகோபனின் ஆட்கள் கறவையூரில் இறங்கினார்கள். ஒரே நாளில் ஐந்து வீடுகளை இடித்தார்கள். மேய்ச்சல் நிலத்தில் நின்ற தொள்ளாயிரம் மாடுகளை அடித்து விரட்டினார்கள். அடுத்து ஏரிக்குள் மண் கொட்டப்போகிறார்களாம். கொட்டினால் மடைக்குத் தண்ணீர் வராது, வயல் காயும், ஊரே மூட்டை கட்ட வேண்டியதுதான். சாமி பெயரைச் சொல்லிக் குடியைக் கெடுக்கிறார்களே, எந்தச் சாமி இதைக் கேட்டது?

அந்த ஏரியின் மடையைத் திறந்து, வயல் வயலாகத் தண்ணீர் விடுகிறவள் பூவாத்தாள். மண்வெட்டியைத் தோளில் போட்டபடியே அரசவைக்குள் நுழைந்தாள்.

"மகாராசா, எங்க ஏரியைச் சுத்திக்கிட்டுப் போனா ஒரு நாழிகை நடைதான் கூடும். சாலையைக் கொஞ்சம் வளைச்சு விடுங்க."

சடகோபன் முந்திக்கொண்டான். "வளைப்பதா? ராஜா போடும் சாலை எதற்கும் வளையாது! ஒரு ஏரிக்காக ஈசனுக்குப் போகும் வழி கோணலாக வேண்டுமா? இவளுக்குப் பக்தியே இல்லை, பிரபு!"

"யாத்திரை வர்ற பக்தருங்க குளிக்கிறதும் குடிக்கிறதும் அந்த ஏரித் தண்ணிதானுங்க, ஐயா."

ராஜாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "என் ஓலையில் ஒரு எழுத்தும் மாறாது!"

"மாத்த வேண்டாம் சாமி. எழுதினது எழுதினபடியே நடக்கட்டும். ஓலையில சன்னிதி முதல்னு இருக்கு. இவங்க நடுவுல எங்க ஊர்ல வந்து ஆரம்பிச்சுட்டாங்க. அந்த முதல் வேலையை எங்க ஊருக்கே குடுங்க, நாங்க முறையா ஆரம்பிச்சு வைக்கிறோம்."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கொடுத்தேன், போ. அதுவரை ஏரியில் மண் விழாது. ஓலைக்கு ஒரு முழம் தவறினாலும் உன்னை நாடு கடத்திவிடுவேன்."

நல்ல நாள் பார்த்தார்கள். ராஜா பரிவாரத்தோடு வடமலையார் கோயிலுக்கு வந்தான். வடமலையார் தெற்குப் பார்த்த சாமி. எதிரே ஆளுயரத்துக்கும் மேலே ஒரே கல்லில் நந்தி. பூவாத்தாள் எட்டு ஜோடி மாடுகளோடும் வடக்கயிற்றோடும் வந்தாள். நந்தியைத் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அப்பனே, பொறுத்துக்க" என்று சொல்லி, கயிற்றை அதன் கழுத்தில் வீசினாள்.

"ஏய், நிறுத்து!" ராஜா பதறிப்போனான். "என்ன செய்கிறாய்?"

"சாலை போடுறேன் மகாராசா. சன்னிதியிலேருந்து நூல் பிடிச்சா, முதல்ல குறுக்கே நிக்கிறது இவருதான். எதுவானாலும் அகற்றணும்னு எழுதியிருக்கே!"

சடகோபனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "காலங்காலமாக உட்கார்ந்திருக்கிற நந்தியை எழுப்புவதா! சாமிக்கும் நந்திக்கும் நடுவே நடக்கக்கூடாது என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே! சாலை அவரைச் சுற்றிக்கொண்டு போகட்டும்!"

"அப்போ சாலை வளையுங்களா, ஐயா?"

"கொஞ்சம் வளைந்தால் என்ன குடியா முழுகிவிடும்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. பூவாத்தாள் நந்தியைக் காட்டி ஆத்திரத்தோடு கேட்டாள்.

"இவருக்குப் புல்லும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம். இவருக்காகச் சாலை வளையும். எங்க ஊர் மாடுங்களும் காலங்காலமா அங்கதான் நின்னுச்சுங்க. அதுல ஒண்ணுக்காவது வளைஞ்சீங்களா? நீங்க விரட்டின விரட்டுல சினைமாடு ஒண்ணு மேட்டுலேருந்து விழுந்து செத்துச்சு. அதுவும் நந்தி வமிசந்தானே? எங்க அஞ்சு குடும்பம் மரத்தடியில படுத்திருக்கு. வளைஞ்சா குடி முழுகாதுன்னு இப்பத்தான் உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

ராஜா மெல்லப் போய், நந்தியின் கழுத்திலிருந்த கயிற்றைத் தன் கையாலேயே கழற்றினான். அவன் தலை குனிந்திருந்தது.

"சடகோபா, குறுக்கே நிற்பது என்று எழுதினாய். நானும் முத்திரை போட்டேன். அவர்கள் இருந்த இடத்துக்கு நாமல்லவா குறுக்கே போனோம்! இடித்த ஐந்து வீடும் எழும்பும்வரை கறவையூரில் மண் சுமப்பது உன் வேலை. அதற்கு முன்னால் புது ஓலை எழுது. சாலை ஏரியைச் சுற்றிப் போகும். இந்தப் பெண்ணின் புத்தியை மெச்சி, கறவையூருக்கு மேய்ச்சல் நிலமும் ஐந்து வீடும் பரிசாக..."

"பரிசா?" என்று, சடகோபன் எழுதிக்கொண்டிருக்கும்போதே பூவாத்தாள் குறுக்கிட்டாள். "எங்களுதை எங்களுக்கே குடுத்துட்டு அதைப் பரிசுன்னு எழுதாதீங்க மகாராசா. இன்னைக்குப் பரிசுன்னு வாங்கிக்கிட்டா, நாளைக்கு உங்க பேரன் வந்து திருப்பிக் கேப்பான்."

ராஜா சடகோபன் பக்கம் திரும்பினான்.

"பரிசு என்ற அந்தச் சொல்லை அடி, சடகோபா" என்றான்.

கோயிலில் கூடியிருந்த எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, சடகோபன் தான் எழுதியதைத் தானே அடித்தான்.